நான் இல்லாத இடத்திலும் இவர்களைப் புரிந்துகொள்ள ஆட்கள் வேண்டும்

கேள்வி: எங்களுக்கு ஏற்கெனவே விசேட தேவையுடைய ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு விசேட தேவையுடைய பிள்ளையைத் தத்தெடுக்க யோசிக்கிறோம். இப்படி வளர்க்கும் தாய்மார் எதிர்காலத்தைப் பற்றி என்ன நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள்?

பதில்: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். மூத்தவளுக்குப் பதினேழு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள், நான் பெற்றவள். சின்னவனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். நான்கு வயதில் நீதிமன்றக் கட்டளையோடு எங்கள் வீட்டுப் பிள்ளையானான். நடப்பதில்லை, வாயால் பேசுவதில்லை. ஆனால் நாள் முழுவதும் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பான்.

எனக்கிருக்கும் பெரிய நம்பிக்கை ஒன்றுதான். என்னையும் என் கணவரையும் தவிர, இந்தக் கொழும்பில் இவர்கள் இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, இவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருக வேண்டும். மற்ற ஆசைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த எண்ணம் எனக்குள் தானாக வந்ததல்ல. தத்தெடுப்பு விண்ணப்பத்துக்காக வீட்டைப் பார்க்க வந்த நன்னடத்தை உத்தியோகத்தர், சம்பள விபரத்தையும் அறைகளையும் பார்த்து முடித்த பின், “நீங்கள் இருவரும் இல்லாத காலத்தில் இந்தப் பிள்ளையோடு யார் பேசுவார்கள்?” என்று கேட்டார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். யார் பேசுவார்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்த அம்மாவுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவள்.

“பெற்றதே இப்படி இருக்கும்போது இன்னொன்று எதற்கு?” என்று உங்களிடமும் கேட்பார்கள். எங்கள் உறவுகளும் கேட்டார்கள். புண்ணியம் தேடுகிறோம் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி எதுவும் இல்லை. மகளின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுக்க ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தொட்டிலில் கிடந்தவனைக் காட்டி, இவனுக்கு ஒன்றும் விளங்காது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பராமரிப்பாளர் அத்தனை பிள்ளைகளையும் குளிப்பாட்டி, ஊட்டி, உடுப்பு மாற்ற வேண்டிய இடத்தில் யாருக்குக் காத்திருக்க நேரம் இருக்கும்? எங்களுக்குக் காத்திருந்து பழக்கம் இருந்தது. மகள் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து பழகிய வீடு எங்களுடையது. அவனிடம் “இன்னும் கொஞ்சம் பாயாசம் வேணுமா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். சற்றுப் பொறுத்து அவன் கண்கள் மேலே போயின. மறுபடி கேட்டோம், மறுபடியும் மேலே போயின. அவனுடைய “ஓம்” அதுதான். இன்றுவரை அதேதான்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் உடல் சொன்னபடி கேட்காததைப் பார்த்து, அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளரும் மூளைக்குப் பிறப்புக்கு முன்னரோ, பிறக்கும்போதோ, அதற்குச் சற்றுப் பின்னரோ ஏற்படும் பாதிப்பு அது. அந்தப் பாதிப்பு பிறகு கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளரத் தசைகள் இறுகும், இடுப்பு மூட்டு விலகலாம். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவதும், சரியான கதிரையும், கால் பட்டையும் இவனுக்கு மருந்துக்குச் சமம். பிட்டைச் சொதியில் நன்றாகக் குழைத்துக் கொடுத்தால் புரையேறாமல் சாப்பிடுவான்.

மூத்தவளைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983இல் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இன்று ஏறத்தாழ 60. முக்கியமான காரணம் இதய அறுவைச் சிகிச்சை. இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள், முன்னர் அதற்கு மருத்துவம் செய்யாமலே விட்டுவிட்டார்கள். என் மகளும் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள்தான். சத்திரசிகிச்சை முடிந்து, தைரொயிட், காது, கண் என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அவள் என்னைவிட நீண்ட நாள் இருப்பாள் என்று எதிர்பார்க்கலாம். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேதான் உத்தியோகத்தர் கேட்ட கேள்வியும் இருக்கிறது.

இனி மொழி. கொழும்பில் இருக்கும் தமிழ்த் தாய்மார் எல்லோரும் இதைத் தாண்டியே ஆக வேண்டும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்களுக்கு முதலில் கிடைத்த பேச்சுச் சிகிச்சையாளர் மிகத் திறமையானவர், அன்பானவர், சிங்களம் பேசுபவர். தமிழில் சிகிச்சை அளிப்பவர்கள் மிகக் குறைவு, அவர்களிடம் இடம் கிடைக்க நாட்கள் பிடிக்கும். “வீட்டிலும் சிங்களத்திலேயே பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்” என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் உடன்படவில்லை. என் தாய்க்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அம்மம்மாவோடு பேச முடியாத பேச்சை வைத்துக்கொண்டு என் மகள் என்ன செய்வாள்? பின்னர்தான் தேடி வாசித்தேன். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்களிடமும் யாராவது வீட்டு மொழியை விடச் சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

இன்று மகள் வீட்டில் தமிழும் கடையில் சிங்களமும் பேசுகிறாள். இரண்டிலும் வசனங்கள் சிறியவை, இரண்டும் அவளுடையவை. சின்னவனுடைய படப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு எழுத்திலும் எழுதியிருக்கிறோம். நாங்கள் விரலால் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டு போவோம், வேண்டிய படம் வந்ததும் கண்ணை உயர்த்துவான். தமிழ் தெரியாத கீழ் மாடி அன்ரி அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு “புத்தா, தே பொனவத?” (மகனே, தேநீர் குடிக்கிறாயா?) என்று சிங்களத்தில் கேட்டு, அவனுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுக்கிறார். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் தொடர்பான பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இதை வாசித்தால் தயவுசெய்து அந்தப் படிப்பை எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒருவர் படித்து வந்தால் எத்தனையோ வீடுகளில் பேச்சுக் கேட்கும்.

எங்கள் வீடு தொடர்மாடியில் நாலாம் மாடி. 2022 உங்களுக்கு மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. லிப்ட் நின்றுவிடும். பெற்றோல் இல்லை, முச்சக்கர வண்டி கிடைக்காது, மருந்துக் கடைகளில் இவனுடைய வலிப்பு மருந்து இருக்காது. அதற்குமுன் எங்களை லிப்டில் கண்டால் புன்னகைத்துவிட்டுப் போகும் அயலவர்கள்தான் எல்லோரும். அந்த மாதங்களில் காவலாளி ஐயாவும் இரண்டாம் மாடிப் பையன்களும் இவனைத் தூக்கி இறக்கப் பழகிக்கொண்டார்கள். முதுகுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை, திடீரென்று தூக்கினால் உடம்பு விறைத்துக்கொள்ளும், ஆகவே முதலில் சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு முறை சொல்லிக்கொடுத்தேன், பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்துக்காக ஒரு பையன் புறக்கோட்டைவரை சைக்கிளில் போய் வந்தான். நெருக்கடி போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதும் மாலையில் அவர்களில் ஒருவர் கதவைத் தட்டி, மரைன் டிரைவுக்குக் கடல் பார்க்க இவனைக் கூட்டிப்போகிறார்கள். நான் வீட்டில் இருக்கிறேன். இந்தப் பயணத்துக்கு நான் தேவையில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்கு விளங்கும்.

வெளியே போவது இலகு என்று சொல்ல வரவில்லை. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நுழையக்கூடிய வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் அங்கவீனர் உரிமைச் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. காலி வீதி நடைபாதையிலோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கடை தாண்டுவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கும். இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். கோபத்தை விட்டுவிடவும் எனக்கு விருப்பமில்லை.

மகள் பாடசாலை விசேட கல்வி அலகில் படித்தவள். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் தெருவில் உள்ள ஒரு காகிதாதிக் கடையில் கொப்பிகளுக்கு உறை போடுகிறாள். கடைக்காரர் சம்பளம் கொடுக்கிறார், தாமதமாகப் போனால் கேட்கிறார். அவர் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலிருந்தே உண்டு. ஆனால் அது தேவையான தகைமை உள்ளவர்களுக்கு. என் மகளைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. ஆகவே அவளுக்கான வேலை தெரிந்த மனிதர்கள் வழியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். வெள்ளவத்தைச் சந்தியில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்க இப்போது தனியாகப் பழகுகிறாள். அவளுக்குத் தெரியாமல் என் கணவர் அதே பஸ்ஸின் பின்பக்கத்தில் நிற்கிறார். அடுத்த ஆண்டுக்குள் அவர் வீட்டில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். என்ன சாப்பிடுவார்கள், எப்படி ஊட்டுவது, எந்தச் சத்தத்துக்குப் பயம், எந்த மருந்து எத்தனை மணிக்கு, வலித்தால் முகம் எப்படி மாறும், எதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சின்னவன் பட்டாசுக்குப் பயப்படுவான், ரயில் சத்தத்துக்குச் சிரிப்பான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துவேன், பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? தமிழிலும் சிங்களத்திலும் பிரதி எடுத்து ஆசிரியைக்கும், கீழ் மாடி அன்ரிக்கும், என் தங்கைக்கும், வழக்கமாக வரும் ஓட்டோக்காரத் தம்பிக்கும் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கே நீங்களும் உங்கள் மகளுக்கு இப்படியொரு கொப்பியைத் தொடங்குங்கள்.

சட்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தத்தெடுப்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். பிள்ளைக்கும் வயது வரம்பு உண்டு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாகவே போங்கள். நீதிமன்ற அனுமதியின்றிப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டத்துக்கு மாறானது, தரகர் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். மகவேற்றுக்கொண்ட பிள்ளையின் வாரிசுரிமையில் சில வரையறைகள் இருப்பதால், சட்டத்தரணியிடம் கேட்டு மரணசாசனத்தை எழுதிவையுங்கள். நாங்கள் கட்டளை கிடைத்த ஆண்டிலேயே எழுதினோம்.

பிள்ளையைப் பார்க்கப் போகும்போது சாப்பாட்டு நேரத்தில் போங்கள். எப்படி விழுங்குகிறது, எதற்கு முகம் திருப்புகிறது, யார் குரலுக்குத் திரும்புகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மருத்துவக் கோவையின் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் பிள்ளை வைத்தியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். உங்கள் மகளையும் கூட்டிப்போங்கள். ஆனால் முடிவின் பாரத்தை அவள் தலையில் வைக்காதீர்கள். எங்கள் மூத்தவள் முதல் ஆறு மாதம் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவன் அழுதால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் அவளை வற்புறுத்தவில்லை. இப்போது அவனுடைய படப் புத்தகத்தில் புதிய படம் ஒட்டும் உரிமை அவளுக்கு மட்டும்தான். கடைசியாக ஒட்டியது தான் வேலை செய்யும் கடையின் படம்.

நீங்கள் கொழும்பிலோ தெகிவளைப் பக்கமோ இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். தமிழில் சிகிச்சை அளிக்கும் ஒருவரை நாங்கள் எப்படித் தேடிப் பிடித்தோம் என்று விபரமாகச் சொல்கிறேன், கொப்பியின் மாதிரிப் படிவமும் தருகிறேன்.