ஐந்து ஏக்கரும் ஒரே நாளில் பழுக்க வேண்டாம்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஐந்து ஏக்கர் சம்பா செய்கிறேன். 2022 ஆகஸ்ட் கடைசியில் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தை நாற்று விட்டேன். அறுக்கிற நேரத்தில் பிப்ரவரி மழை பிடித்து, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிட்டது. மார்கழிக் குளிரும் முன்போல இல்லை. பருவமே மாறிவிட்டதா? ரகத்தை மாற்றட்டுமா?

பதில்: அறுக்கப்போன நெல் முளைவிட்டுக் கிடந்ததைப் படிக்கவே மனசு கனத்துப் போனது. வெப்பம் ஏறுவது உண்மை. 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. மழையில் நம்மை அடிப்பது ஆண்டுக்கு ஆண்டு வரும் ஆட்டம். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு இயல்பு சுமார் 440 மி.மீ.; 2016-இல் கிடைத்தது 168 மி.மீ.தான். 2021-இல் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதல். மேட்டூரும் 2022-இல் மே 24-லேயே திறந்தது, 2024-இல் ஜூலை 28 வரை காக்க வைத்தது. சராசரியை நம்பி நாற்று விட முடியாது.

2021-இல் பொங்கலை ஒட்டி டெல்டாவில் மழை கொட்டியது. 2023-இல் பிப்ரவரி முதல் வாரம் பெய்தது. ஆக, இதுதான் பத்திரமான அறுவடை நாள் என்று நான் சொன்னால் அது பொய். ஐந்து ஏக்கரில் பாதிக்கு, பள்ளமான வயலில், சி.ஆர். 1009 சப் 1 வையுங்கள், அது வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும். ஆகஸ்ட் 10-க்குள் நாற்று விட்டால், 155 நாளில் பொங்கலை ஒட்டி அறுக்கலாம். மீதியை மேட்டு வயலில், 130 நாள் ரகமான டி.கே.எம். 13-ஐ செப்டம்பர் கடைசி வாரம் விடுங்கள். அது பிப்ரவரி முதல் வாரம் வரும். இரண்டுக்கும் இடையே மூன்று வாரம் கிடைத்தால், ஒரே மழை இரண்டையும் அழிக்காது.

இரவுச் சூட்டைப் பலர் கவனிப்பதில்லை. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவும் கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1979 முதல் 2003 வரையிலான கணக்கைப் பார்த்தது. கோடைப் பயிரில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. பால் பிடிக்கும் வாரத்தில் ஒரு கதிரைப் பறித்து, அடிமணிகளை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பால் வராமல் வெறும் உமி மட்டும் நசுங்கினால் அது பதர். பூக்கும்போது பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும் இதே கதிதான். அதனால் கோடை நெல் வேண்டாம். அதற்குப் பதில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன் ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்துவிடுங்கள்.

சரி, சாய்வதற்கு வருவோம். பயிர் பச்சை கட்டட்டும் என்று கடைசியில் யூரியா தூவாதீர்கள், அதுதான் தண்டை இளக்கிச் சாய்க்கிறது. கதிர் உருவாகும்போது பொட்டாஷ் கொடுங்கள். அதுவரை தண்ணீரைக் காயவிட்டு, மறுபடி பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம். பூக்கும்போது மட்டும் தண்ணீர் நிற்கட்டும். அறுவடைக்குப் பத்து நாள் முன் வடித்துவிடுங்கள். வடிகாலைப் புரட்டாசியிலேயே தூர் வார வேண்டும். கீழ்வயல்காரரிடமும் இப்போதே பேசிவிடுங்கள், அவர் வரப்பு அடைத்திருந்தால் உங்கள் தண்ணீர் போக வழியில்லை.