ஹாமர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டு முதலில் வெளியானது 2000 ஜூனில். அதன் புதுப்பதிப்பான ரிசரெக்டட் 2021 செப்டம்பரில் வந்தது. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். புது லேடர் (எல்லோரும் புதிதாகத் தொடங்கும் போட்டிச் சுற்று) தொடங்கி எல்லோரும் லெவல் 1-லிருந்து ஏறுகிற நேரம், அதனால் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகம். ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சார், பாலடின் (புனிதப் போர்வீரன்) பாத்திரம் ஆரம்பித்திருக்கிறேன். ஹாமர்டின் பில்ட்தான், அதாவது பிளெஸ்டு ஹாமர் ஸ்கில்லை மையமாக வைத்துப் புள்ளிகளைப் போடும் முறைதான் இலக்கு. பிளெஸ்டு ஹாமர் 18-ம் லெவலில்தான் திறக்கும் என்பதால் ஒரு புள்ளியைக்கூட வேறு ஸ்கில்லில் போடாமல் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது லெவல் 15, கையில் 15 புள்ளிகள். இரண்டாம் ஆக்டில் (கதையின் இரண்டாம் பகுதியில்) ஒரு மம்மியை வீழ்த்தவே அரை நிமிடம் ஆகிறது. இதற்குள் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. — ஈரோட்டு வாசகர்

விட்டுவிடாதீர்கள். உங்கள் பில்ட் சரி, பாலடினும் சரி. அந்த 15 புள்ளிகள் சும்மா கிடப்பதுதான் பிரச்சினை.

இந்தச் சேர்த்து வைக்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2010-ல் 1.13 பேட்ச் (திருத்தப் பதிப்பு) வரும்வரை இந்த விளையாட்டில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. ஒரு ஸ்கில்லில் தவறாகப் போட்டால் அந்தப் பாத்திரம் கடைசிவரை அந்தத் தவறோடுதான் இருக்கும். நானே அந்தக் காலத்தில் ஒரு நெக்ரோமான்சரை எலும்புக்குக் கொஞ்சம், விஷத்துக்குக் கொஞ்சம், எலும்புக்கூடுகளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டு வளர்த்தேன், ஹெல் என்ற கடைசிக் கடின நிலை வந்ததும் எதுவுமே எதையும் கொல்லவில்லை, இரண்டு மாத உழைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அப்போது எழுதப்பட்ட யோசனைகள் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு நிலைமை வேறு. டென் ஆஃப் ஈவில் என்ற முதல் வேலையை முடித்தாலே முதல் ஆக்டின் முகாமில் இருக்கும் அகாரா ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் இலவசமாகத் திருப்பித் தருவாள். நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று கடின நிலைக்கும் தலா ஒன்று. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஹெல்லில் பெரிய பாஸ்களிடம் விழும் நான்கு எசன்ஸ்களை ஹொராட்ரிக் கியூப் என்ற கலவைப் பெட்டியில் சேர்த்து, அதே வேலையைச் செய்யும் ஒரு டோக்கன் செய்துகொள்ளலாம்.

ஆகவே இன்றே இப்படிச் செய்யுங்கள். மைட்டில் 1 புள்ளி, ஹோலி ஃபயரில் 10, ரெசிஸ்ட் ஃபயரில் 4. மொத்தம் 15, கணக்கு சரி. ஹோலி ஃபயர் 6-ம் லெவலில் திறக்கும், அதற்குப் பிறகு லெவலுக்கு ஒரு புள்ளிதான் ஏறும், அதனால்தான் 15-ல் இருக்கும் உங்களுக்கு 10 என்கிறேன். ரெசிஸ்ட் ஃபயர் அதற்கு சினெர்ஜி, அதாவது அதில் போடும் ஒவ்வொரு புள்ளியும் ஹோலி ஃபயரின் சேதத்தையும் கூட்டும். ஹோலி ஃபயர் ஒரு ஆரா, அதாவது உங்களைச் சுற்றித் தானாக இயங்கும் ஸ்கில். சுற்றி நிற்பவற்றைத் தானாகவே சுட்டுக்கொண்டிருக்கும், உங்கள் வாளின் அடியிலும் நெருப்பு சேரும். அரை நிமிடம் எடுத்த மம்மி இரண்டு மூன்று அடியில் விழும்.

அப்புறம் எப்போது மாறுவது? 18 ஆனதுமே வேண்டாம். 18-ல் ஹாமரில் 1 புள்ளிதான் போட முடியும், 24-ல்தான் 7. கான்சன்ட்ரேஷனும் வைகரும் 18-ல்தான் திறக்கின்றன. 24, 25 வாக்கில் ஹோலி ஃபயர் சோர்ந்துபோவதை நீங்களே உணர்வீர்கள், அப்போது அகாராவிடம் போய் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஹாமருக்கு மாறுங்கள். கடைசியில் வரவேண்டியது ஹாமர், கான்சன்ட்ரேஷன், வைகர், பிளெஸ்டு எய்ம் நான்கிலும் தலா 20, மீதியை ஹோலி ஷீல்டில். ஹாமர் மேஜிக் சேதம் செய்வது, ஹெல்லில் அதைத் தாங்கும் அரக்கர்கள் மிகக் குறைவு, அதனால்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், நியாயமாகவே சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது 80-ம் லெவல் பாலடினைப் பற்றி. 15-ல் இருப்பவருக்கு 15-ல் வேலை செய்கிற பில்ட்தான் வேண்டும்.

அண்ணா, சோர்சரஸ் (மந்திரக்காரி) வளர்க்கிறேன். மானா, அதாவது மந்திரம் போடச் செலவாகும் சக்தி, தீர்ந்துகொண்டே இருக்கிறது. எனர்ஜியில் புள்ளி போடவே கூடாது என்று தம்பி சண்டை போடுகிறான். யார் சொல்வது சரி? — திருநெல்வேலி வாசகி

தம்பி சொல்வது ஹெல்லுக்குச் சரி, நார்மலுக்கு முழுக்கச் சரியில்லை.

ஸ்ட்ரெங்த், வைட்டாலிட்டி, எனர்ஜி போன்றவற்றில் போட லெவலுக்கு 5 ஸ்டேட் புள்ளி வருகிறது. சோர்சரஸுக்கு வைட்டாலிட்டியில் 1 போட்டால் 2 உயிர் கூடும், பார்பேரியனுக்கு அதே 1-க்கு 4 கூடும். ஏற்கெனவே மெலிந்த உடம்பு, அதனால் கடைசிக் கணக்கில் ஸ்ட்ரெங்த் கருவிகளைத் தூக்கத் தேவையான அளவு மட்டும், மீதி எல்லாம் வைட்டாலிட்டி, எனர்ஜி பூஜ்யம். பிற்பாடு மானாவைக் கவனித்துக்கொள்ள வேறு வழிகள் உண்டு, இன்சைட் ஆயுதம் பிடித்த கூலி வீரன் அதில் முக்கியமானவன். (அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.)

ஆனால் 12-ம் லெவலில் உங்களிடம் அதெல்லாம் இல்லையே. எனவே நார்மலில் பத்துப் பதினைந்து புள்ளி எனர்ஜியில் போடுங்கள், கவலையே வேண்டாம், அகாரா ஸ்கில் புள்ளிகளோடு ஸ்டேட் புள்ளிகளையும்தான் திருப்பித் தருகிறாள். வார்ம்த் ஸ்கில்லில் 1 போடுங்கள். 17-ம் லெவலில் இரண்டு சாக்கெட் (பதிக்கும் குழி) உள்ள சட்டையில் டால், எத் என்ற வரிசையில் ரூன் (எழுத்துக்கல்) வைத்து ஸ்டெல்த் செய்துகொள்ளுங்கள், மானா சற்று வேகமாக ஊறும், மந்திரம் போடும் வேகமும் ஓட்டமும் 25 சதவீதம் கூடும். இரண்டு சாக்கெட் கோல் ஒன்று கிடைத்தால் டிர், ரால் வைத்து லீஃப். 19-ம் லெவலில் கையில் எடுக்கலாம், எல்லா நெருப்பு ஸ்கில்லுக்கும் 3 கூடும். உங்கள் இலக்கு ப்ளிசார்டு என்ற பனிப்புயல் மந்திரமாகவே இருந்தாலும் 24 வரை நெருப்பில் ஏறுவது சுகம்.

நண்பர் என் ப்ளிசார்டு சோர்சரஸை இரண்டு இரவில் ஹெல் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். லெவல் 41. இப்போது தனியாக முதல் ஆக்டிலேயே செத்துச் செத்து விழுகிறேன். ப்ளிசார்டு பில்ட் நல்லதில்லையா? வேறு மாற்றட்டுமா? — கிள்ளான் வாசகர், மலேசியா

பில்ட் மாற்ற வேண்டாம். ப்ளிசார்டு லேடர் தொடக்கத்துக்கு மிக நல்ல பில்ட். உங்கள் நண்பர் உங்களைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார், ஆனால் வழியில் எடுக்க வேண்டியவற்றை எடுக்கவிடவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டென் ஆஃப் ஈவில் 1 ஸ்கில் புள்ளி, ரடமென்ட் 1, நான்காம் ஆக்டில் இசுவல் 2. ஒரு நிலைக்கு 4, நீங்கள் கடந்துவந்த இரண்டு நிலைக்கு 8. லாம் எசென் புத்தகம் நிலைக்கு 5 ஸ்டேட் புள்ளி. மூன்றாம் ஆக்டில் தங்கப் பறவை 20 உயிர். எல்லாவற்றையும் விட முக்கியம் ஐந்தாம் ஆக்டில் பனிக்குள் உறைந்திருக்கும் ஆன்யா. அவளை விடுவித்தால் எல்லா ரெசிஸ்டன்ஸும் (நெருப்பு, குளிர், மின்னல், விஷ அடியைத் தாங்கும் சதவீதம்) நிரந்தரமாக 10 கூடும். அவசரமாக இழுத்துப் போகிறவர்கள் இவற்றில் பாதியைத் தாண்டிக் குதித்துத்தான் போவார்கள், ஏனென்றால் கதை நகர அவை தேவையில்லை. நல்ல வேளையாக நார்மலும் நைட்மேரும் பூட்டிக்கொள்வதில்லை, இன்றே திரும்பிப் போய் எல்லாவற்றையும் முடிக்கலாம். உங்கள் பலத்துக்கு நார்மல் வேலைகள் ஒரு மாலை நேரம்தான்.

இனி நீங்கள் சாவதற்கு நேரடிக் காரணம். நைட்மேரில் உங்கள் ரெசிஸ்டன்ஸிலிருந்து 40 கழியும், ஹெல்லில் 100 கழியும். ரெசிஸ்டன்ஸின் உச்சவரம்பு 75. அப்படியானால் ஹெல்லில் 75 காட்ட வேண்டுமென்றால் 175 வேண்டும். ஆன்யா இரண்டு முறை கொடுக்கும் 20 போக, கருவிகளிலிருந்து 155. இப்போது உங்கள் கேரக்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அநேகமாக எல்லாமே மைனஸில் சிவப்பாக நிற்கும். மைனஸ் 60-ல் நின்றுகொண்டு ஒரு மின்னல் அடியை வாங்கினால் எந்த பில்ட்டும் தாங்காது.

மூன்று சாக்கெட் கேடயம் ஒன்றைத் தேடி ரால், ஓர்ட், டால் வரிசையில் வையுங்கள். ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ் என்பார்கள். குளிருக்கு 43, நெருப்பு, மின்னல், விஷம் மூன்றுக்கும் தலா 48. அந்த மூன்று ரூனையும் ஐந்தாம் ஆக்டில் கைதிகளாயிருக்கும் 15 பார்பேரியன்களை மீட்டால் குவால்-கெக் சும்மாவே கொடுக்கிறார். இதையும் உங்கள் நண்பர் தாண்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதன்பின் உடனே ஹெல்லுக்குள் போகாமல் நைட்மேரில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ரகசிய இடத்திலுள்ள அரக்கப் பசு மாடுகளையும், ஐந்தாம் ஆக்டின் கடைசி பாஸான பாஆலையும் (Baal) அடித்து 65, 70 வரை ஏறுங்கள். 8 பேர் உள்ள கேமில் அரக்கர்களின் உயிரும் அவை தரும் அனுபவப் புள்ளியும் ஒருவர் மட்டும் இருக்கும்போதைவிட நான்கரை மடங்கு, பார்ட்டியில் அருகில் நின்றால் அதில் உங்களுக்கும் பங்கு வரும். சாவும் நைட்மேரில் சற்று மலிவு, அங்கே அனுபவப் புள்ளியில் 5 சதவீதம் பறிபோகும், ஹெல்லில் 10. இந்த ஏற்றம் முடிவதற்குள் ப்ளிசார்டில் 20, பிறகு அதன் சினெர்ஜிகளான கிளேசியல் ஸ்பைக், ஐஸ் ப்ளாஸ்ட், ஐஸ் போல்ட் என்று நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

மறுபடி ஹெல்லுக்கு வரும்போது எல்லா இடத்தையும் சுத்தம் செய்ய முயலாதீர்கள். குளிரே ஏறாத அரக்கர்கள் அங்கே நிறைய. வழியில் நிற்பவற்றை டெலிபோர்ட் போட்டுத் தாண்டி, குளிர் ஏறுகிற இலக்குகளாகத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் ஆக்டின் பாஸ் மெஃபிஸ்டோ முதல் இலக்கு, இரண்டாம் ஆக்டில் லாஸ்ட் சிட்டிக்கு அடியில் இருக்கும் ஏன்ஷியன்ட் டனல்ஸ் அடுத்தது. அங்கிருந்து வரும் பொருள்களில்தான் உங்கள் 155 நிறையும்.

இன்னொன்று, உங்கள் நண்பரைக் கோபிக்க வேண்டாம். ஐந்தாவது ஆறாவது பாத்திரம் வளர்க்கிறவருக்கு இப்படி இழுத்துப் போவது பெரிய உதவி. முதல் பாத்திரத்துக்கு மட்டும் அது பொருந்தாது, ஏனென்றால் எங்கே என்ன கிடைக்கும் என்பதையே நடந்து போனால்தான் தெரிந்துகொள்கிறோம்.

லேடரின் முதல் பாத்திரமாகப் பார்பேரியன் எடுக்கலாமா? — கோவை வாசகர்

ரொம்பப் பிடித்தால் எடுங்கள், ஆனால் இரண்டாவதாக எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். சோர்சரஸின் பலம் பெரும்பாலும் அவள் ஸ்கில்லில், பார்பேரியனின் பலம் அவன் கையிலிருக்கும் ஆயுதத்தில். புது லேடரில் யாரிடமும் நல்ல ஆயுதம் இருக்காது. முதலில் ஒரு மந்திரக்காரரை வளர்த்து, கிடைக்கும் வாள்களைப் பொதுப் பெட்டியில் போட்டுவைத்தால் பார்பேரியன் லெவல் 1-லிருந்தே செழிப்பாக ஏறுவான். கூட்டத்தோடு விளையாடுபவர் என்றால் 24-ல் பேட்டில் ஆர்டர்ஸ் எடுத்துவிடுங்கள், பார்ட்டியில் எல்லோருக்கும் உயிரும் மானாவும் கூடும், எங்கு போனாலும் வரவேற்பு இருக்கும்.

இன்சைட் செய்ய நான்கு ரூன் வேண்டும் என்கிறார்கள். எங்கே தேடுவது? — வேலூர் வாசகர்

ரால், டிர், டால், சோல். இதே வரிசையில் வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் ரூன்கள் போச்சு. சரியாக 4 சாக்கெட் உள்ள, நீலமோ மஞ்சளோ இல்லாத சாதாரண போல்ஆர்ம் (நீண்ட கம்பு ஆயுதம்) தேவை. கூலி வீரன் கையில் ஆயுதம் தேயாது என்பதால் எத்தீரியல் (பலம் கூடிய, ஆனால் பழுதுபார்க்க முடியாத வகை) கிடைத்தால் இன்னும் நல்லது.

முதல் ஆக்டில் பிளாக் மார்ஷில் உள்ள மறந்த கோபுரத்தின் ஐந்தாம் தளத்தில் கவுன்டஸ் இருக்கிறாள். நார்மலில் அவள் ரால் வரையிலான ரூன்களைக் கொடுப்பாள், அதாவது நான்கில் மூன்று அங்கேயே கிடைத்துவிடும். சோலுக்கு நைட்மேர் கவுன்டஸிடம் போக வேண்டும். ஆயுதத்தை இரண்டாம் ஆக்டில் கிரீஸிடம் கூலிக்கு எடுத்த பாலைவன வீரனிடம் கொடுங்கள், அவனும் 27-ம் லெவல் ஆகியிருக்க வேண்டும். அவன் உங்கள் பக்கத்தில் நிற்கும்வரை மானாவை ஊறவைக்கும் மெடிடேஷன் ஆரா ஓடிக்கொண்டிருக்கும், அதனால் போகும் வழியிலெல்லாம் அவனுக்கும் ஒரு பாட்டில் கொடுத்து உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.