சுகர் 190 தானே என்று இருந்துவிடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. வாயுத் தொல்லையும் உண்டு. யூடியூப் பார்த்துச் சோற்றை விட்டுவிட்டு முட்டை, கீரை மட்டும்தான் சாப்பிடுகிறார். போன வாரம் இரண்டு நாள் ஒரே வாந்தி. சுகர் 190 தான் இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால்தான் மருந்து வெளியேறாமல் தேங்கி, லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து. அது அபூர்வம். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ-ஜிஎஃப்ஆர் அளவு 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30க்குக் கீழே போனால் நிறுத்துவோம். வருடத்துக்கு ஒரு முறையாவது, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள், போதும். வாயுவுக்கு, மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது அந்த வாந்திக்கு. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாது. சோறும் இல்லை, வாந்தியில் எதுவும் தங்கவும் இல்லை என்றால் இன்சுலின் இறங்கும், உடம்பு கொழுப்பை எரிக்கும், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் குவியும். இதுதான் உயிருக்கே ஆபத்தான கீட்டோஅசிடோசிஸ். சுகர் 190 என்ன, 150இலும் அது வரும். இதே வகை மருந்தான எம்பாகிளிஃப்ளோசினும் இப்படித்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015லேயே எச்சரித்துவிட்டது.

இனி வாந்தியோ வயிற்றுவலியோ வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். தெருமுனையில் கேஸ் ட்ரபிள் ஊசி போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது. ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 3 மில்லிமோலைத் தொட்டால் அட்மிஷன்தான். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர்க் கீட்டோன் பரிசோதனை ஏமாற்றலாம். இப்போதும் குமட்டல் மிச்சமிருந்தால் இன்றே போங்கள்.

மாத்திரையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அதிலுள்ள டாபாகிளிஃப்ளோசின் இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது செய்கிற மருந்து. வாந்தி, பேதி, ஆடி மாத விரதம் என்று வயிறு காய்கிற நாட்களில் மட்டும் போடக் கூடாது. ஓஆர்எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு ஒன்றிரண்டு நாள் ஆனபின் மறுபடி ஆரம்பிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை மட்டும் நிறுத்தவே கூடாது. ஆபரேஷன் என்றால், மருத்துவரிடம் சொல்லி 3 நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்த வேண்டும்.

சோறில்லாத சாப்பாடும் இந்த மாத்திரையும் ஒன்றாக ஓடக் கூடாது. மாத்திரை எழுதிய மருத்துவரைப் பார்த்துப் பேசும்வரை, வேளைக்கு இரண்டு இட்லியோ ஒரு கரண்டி சோறோ தட்டில் இருக்கட்டும்.