பிளாஸ்டிக் இன்டேக்குக்கு எந்த ஸ்க்ரூ? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பாயான் லெப்பாஸ்ல பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரியில 11 வருஷம் இருந்தேன், இப்ப பட்டர்வொர்த்ல சொந்தமா சின்ன வொர்க்ஷாப். இன்ஜினுக்கு காத்து போற வழிதான் இன்டேக், அதுல ஏர் ஃபில்டர் உக்கார்ற பிளாஸ்டிக் பெட்டிதான் ஏர்பாக்ஸ். வாரத்துக்கு ரெண்டு காடியாவது ஏர்பாக்ஸ் உடைஞ்சு வருது, அதான் இந்த கேள்வி பதில்.

புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து: அண்ணே, ஏர்பாக்ஸ் ஸ்க்ரூ லூசா சுத்துதுன்னு ஃபோர்மேன் தடிப்பா ஒரு தகர ஸ்க்ரூவ போட்டுட்டாரு, இப்ப ஸ்க்ரூ இறங்குற இடம் குழாய் மாதிரி இருக்குமே, அது ரெண்டா பொளந்து போச்சு.

பொளக்காம என்னய்யா செய்யும்? தகர ஸ்க்ரூவோட மரை 60 டிகிரி கோணம், திருகத் திருக பிளாஸ்டிக்க வெளிய நெட்டித் தள்ளும். பிளாஸ்டிக்குக்குன்னே வர்ற ஸ்க்ரூ கிட்டத்தட்ட 30 டிகிரி, மரை ஒல்லியா, இடைவெளி விட்டு இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சு பார்த்தா கண்ணுக்கே தெரியும். உங்க கேஸ்ல பொளந்தாச்சு, ஒட்டலாம்னு நினைக்காதீங்க. அடிப்பக்கம் திருப்பி பாருங்க, PP-T20ன்னு போட்டிருந்தா அது 20 சதம் டால்க் கலந்த பாலிப்ராப்பிலீன், எபாக்ஸியோ சூப்பர் க்ளூவோ சும்மா போட்டா உரிஞ்சு வந்துடும். நேரா ஓட்டை போட்டு M5 போல்ட், ரெண்டு பக்கமும் அகலமான வாஷர், நட்டு, முடிஞ்சது கதை.

செந்தூல்: பொளக்கல, மரை மட்டும் தேஞ்சிருக்கு. பித்தளை இன்செர்ட் (உள்ள மரை வெட்டின சின்ன பித்தளைக் குழாய்) போடலாமா?

தாராளமா, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி அதுதான். ஓட்டைய சுத்தி பிளாஸ்டிக் சதை போதுமான அளவு இருக்கணும், அவ்வளவுதான். சோல்டரிங் அயர்ன்ல சூடாக்கி மெதுவா இறக்குங்க, அமுக்காதீங்க, அதோட வெயிட்லயே இறங்குற மாதிரி விடணும். பாலிப்ராப்பிலீன் 165 டிகிரி பக்கம் உருகும், இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காத்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு விடுற குழாய்) போடுற PA66-GF30 (30 சதம் கண்ணாடி நாரு கலந்த நைலான்) 260 வேணும், அதனால ஒரே சூட்டுல ரெண்டையும் செய்யாதீங்க. கடைசி கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அயர்ன எடுத்துட்டு ஒரு தட்டையான இரும்பால அமுக்குனா மட்டமா உக்காரும். முதல்ல உடைஞ்ச பீஸ்ல பழகுங்க லா.

கிள்ளான்: பாப் ரிவெட் அடிச்சா சீக்கிரம் முடியுமே பாஸ்?

ஃபில்டருக்கு முன்னாடி உள்ள பகுதின்னா சரி, அதுவும் மெத்து அலுமினியம் ரிவெட், பின்னாடி வாஷர் வச்சு. ஃபில்டருக்கு அப்புறம்னா வேணவே வேணாம். ரிவெட்டுக்குள்ள மாட்டியிருக்கிற ஆணித் துண்டு கழண்டா நேரா இன்ஜினுக்குத்தான் போகும், டர்போ காடின்னா கம்ப்ரஸர் வீல் காலி. ஒரு சின்ன துண்டுக்காக அவ்வளவு வெள்ளி அழணுமா?

அம்பாங்: த்ரெட்லாக் (மரை கழலாம இருக்க போடுற பசை) போட்டுட்டா கழலாது தானே?

உலோகத்துல உலோகம்னா ஓகே. ஆனா சில பிளாஸ்டிக்ல, முக்கியமா ABS, பாலிகார்பனேட்ல, அது வழிஞ்சு பட்டா விரிசல் விட்டுடும். நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு) போடுங்க, அது போதும்.

ஜெலுத்தோங்: மேனிஃபோல்டு போல்ட் எவ்வளவு டைட் பண்ணணும்? ஓட்டைக்குள்ள இருந்த இரும்பு புஷ் ஒன்னு காணோம்.

டைட்டு அந்தந்த காடியோட மேனுவல்ல இருக்கும், அத பாருங்க, டார்க் ரென்ச் (எவ்வளவு டைட்டுன்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) இல்லாம கைக்கணக்குல வேணாம். ஆனா முதல்ல புஷ்ஷ தேடுங்க, அது இல்லாம மாட்டாதீங்க! பிளாஸ்டிக் அமுங்கினா அமுங்கிக்கிட்டே போகும், சூட்டுல இன்னும் வேகமா. இன்னைக்கு கரெக்டா டைட் பண்ணது கொஞ்ச நாள்ல லூஸ் ஆகி காத்து இழுக்கும், ஐடில் ஆடும், நீங்க ப்ளக்க மாத்திக்கிட்டு இருப்பீங்க. புஷ் இருந்தா போல்ட்டோட அழுத்தத்த இரும்பு தாங்கிக்கும், பிளாஸ்டிக் தப்பிக்கும். கிடைக்கலன்னா அதே நீளத்துக்கு லேத்துல ஒன்னு அறுத்து வாங்குங்க.

சுபாங்: இன்டேக்குக்கு அடாப்டர் ஒன்னு PLAல (3D ப்ரிண்டர்ல போடுற பிளாஸ்டிக்) ப்ரிண்ட் பண்ணி வச்சிருக்கேன்.

தூக்கி போடுங்க தம்பி. 60 டிகிரியிலயே இளகும், நம்ம ஊரு வெயில்ல பானெட்டுக்குள்ள கேக்கவே வேணாம்.

பிறை: அடிக்கடி ஃபில்டர் மாத்துறேன், ஸ்க்ரூ மரை தேயாம இருக்க என்ன வழி?

நல்ல கேள்வி. ஸ்க்ரூவ ஓட்டையில வச்சு முதல்ல எதிர்ப்பக்கமா மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல டக்குனு கீழ இறங்கும், அதுதான் பழைய மரையோட வாசல். அங்கேருந்து கையால திருகுங்க. பவர் டூல வண்டிக்கிட்ட கொண்டே போகாதீங்க.