கடைசி நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்சுக்கு எப்படி நன்றி சொல்வது?

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்சுக்குப் பணம் கொடுக்கலாமா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கும் இதே தவிப்பு இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ரங்கூனில், தாமுவே பக்கம். 2018ல் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் தெரிந்தவர் மூலமாக வந்தார் சயாமா. பர்மியப் பெண், நாற்பது வயது இருக்கும். இங்கே டீச்சரையும் நர்சையும் ஒரே சொல்லால் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்கு அவர் இரண்டுமாக இருந்தார்.

அம்மா வலியில் முனகினாலும், டாக்டர் எழுதிய மார்பின் என்ற வலி மருந்தைக் கொடுக்க அப்பாவுக்குப் பயம். பழக்கமாகிவிடும், சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று நினைத்தார். சயாமா தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். வலி ஏறட்டும் என்று காத்திருக்கக் கூடாது, டாக்டர் எழுதியபடி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துவிட வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி அம்மா தூங்கினார். பல நாள் கழித்து அப்பாவும் தூங்கினார்.

அக்கா கஞ்சியை வற்புறுத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். “சாப்பிடாததால் அவங்க போகலை, உடம்பு கிளம்பத் தயாராகுது, அதனால்தான் பசிக்கலை” என்றார் சயாமா. அக்கா ஓவென்று அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை சயாமா காத்திருந்தார். பிறகு ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைக்கச் சொல்லிக்கொடுத்து, “இது இனிமே உன் வேலை” என்றார். ஒரு காலையில் அம்மாவே மொஹிங்கா வேண்டும் என்றார், மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் அது. மீன் குழம்பு ஒத்துக்கொள்ளுமா என்று நாங்கள் முழித்தோம். சயாமா தெருமுனைக் கடைக்கு அவரே போய் வாங்கிவந்து, அம்மாவை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு ஸ்பூன் சாறு கொடுத்தார். அம்மா முகத்தில் அப்போது வந்த திருப்தி எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

கடைசி ராத்திரி தொண்டையில் கரகரவென்று சத்தம். அதைக் கேட்கத்தான் நமக்குத் தாங்காது, அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லி, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். காது இன்னும் கேட்கலாம், பேசுங்கள் என்றார். தமிழ் தெரியாத பௌத்தர் அவர். அம்மா தினமும் கேட்கும் முருகன் பாட்டைப் போடச் சொன்னதும் அவர்தான். விடிந்தபோது அம்மா இல்லை. உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டு, அக்காவோடு சேர்ந்து அம்மாவைக் குளிப்பாட்டினார். அம்மா தினமும் ‘தனக்கா’ என்ற மரப்பட்டைச் சாந்து பூசுவார் என்று தெரிந்து, அம்மாவின் கல்லிலேயே உரைத்துக் கன்னத்தில் பூசிவிட்டார். அப்படித்தான் யேவே சுடுகாட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோனோம்.

கருமாதி முடிந்து, பேசிய சம்பளத்துக்கு மேல் ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. வற்புறுத்தினால் அவருக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டோம். அப்பா பர்மிய எழுத்து நன்றாக எழுதுவார். இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். ‘மிக்க நன்றி’ என்று ஒரு வரியில் முடிக்காமல் மார்பின், பஞ்சு, மொஹிங்கா, தனக்கா என்று ஒவ்வொன்றாக, எந்த நாளில் என்ன செய்தார், அதனால் எங்களுக்கு என்ன ஆனது என்று எழுதினார். நீங்களும் இதைத்தான் செய்யுங்கள் என்பேன். அவர் ஓர் அமைப்பிலிருந்து வந்தவர் என்றால் அங்கே மேலே இருப்பவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பரிசு கொடுக்க ஆசையிருந்தால் அங்கே அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா திதிக்கு ஒவ்வொரு வருடமும் சயாமாவுக்குச் சொல்லிவிடுவோம், முடிந்தால் வருவார். போன தடவை வந்தபோது சொன்னார்: கூட வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தில் மொஹிங்கா வரும் இடத்தைப் படித்துக் காட்டுகிறாராம்.