பள்ளிக் கட்டடப் பழுது: முதலில் யாருக்குப் பணம்? (கேள்வி பதில்)

உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் பல வருஷம் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து பழுதுப் பட்டியல் தயாரித்தவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தலைமை ஆசிரியர் ஒருவர்: மூன்று வருஷமாகக் கேட்கிறோம். பக்கத்துப் பள்ளிக்கு மட்டும் உடனே பணம் வந்தது. எந்தக் கணக்கில் வரிசை போடுகிறீர்கள்?

பிள்ளைகள் தலையில் எது விழும் என்பதுதான் முதல் கணக்கு. காரை பெயர்ந்து துருக்கம்பி தெரியும் கூரை, சாய்ந்த சுவர், திறந்து கிடக்கும் மின்கம்பி, அவசர வழியில்லாத மாடி ஆகியவை முதல் வரிசை. அடுத்தது தண்ணீர் உள்ளே இறங்கும் இடங்கள். பிறகு கழிப்பறை, குடிநீர். அதற்கப்புறம்தான் தரை, ஜன்னல், கதவு.

இன்னொரு கணக்கும் உண்டு. பழுதுபார்க்கும் செலவை, அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்டும் செலவால் வகுப்போம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை, 10 சதவீதம் தாண்டினால் மோசம் என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள்.

நடைமுறையில், இரண்டு பள்ளிகள் சமநிலையில் இருந்தால், செலவு மதிப்பீடு தயாராக உள்ள பள்ளிதான் முந்தும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டுமே. நீங்கள் வாயால் கேட்டீர்களா, எழுத்தில் கொடுத்தீர்களா? தேதியோடு, படத்தோடு எழுதிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று விரிசலைப் பூசி வெள்ளையடிக்காதீர்கள். விரிசல்தான் உங்கள் சாட்சி. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீள்கிறதா என்று அதுவே காட்டும்.

பெற்றோர் ஒருவர்: பெயின்ட் எப்போது அடிப்பார்கள்?

கடைசியில்.

வார்டு உறுப்பினர் ஒருவர்: இருப்பதிலேயே மோசமான கட்டடத்துக்கு முழுப் பணத்தையும் கொடுப்பதுதானே நியாயம்?

இல்லை. ஆபத்தான அறையை இன்றே பூட்டுங்கள், அதற்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் எல்லாப் பணத்தையும் அங்கேயே கொட்டினால், இன்று சின்ன ஒழுகலோடு இருக்கும் கூரையெல்லாம் சில வருஷத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990-இல், பொதுக் கட்டடங்களின் மறுகட்டுமான மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொன்னது. பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தொகைதான்.

அதே தலைமை ஆசிரியர்: இதை ஏற்கமாட்டேன். மோசமான கட்டடம் பெரும்பாலும் ஏழைப் பகுதியில்தான் இருக்கிறது. பராமரிப்பு என்று பிரித்தால், நன்றாக இருக்கும் பள்ளிக்கே மறுபடியும் போகும்.

நீங்கள் சொல்வது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். வசதியான பெற்றோர் இருக்கும் பள்ளியில் ஓட்டை உடனே அடைபடும், மற்ற இடத்தில் அது வளரும். அதனால் பணத்தை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும்: ஆபத்துக்கு ஒரு பங்கு, தண்ணீரைத் தடுக்க ஒரு பங்கு, பெரிய புனரமைப்புக்கு ஒரு பங்கு. ஒவ்வொன்றிலும், கட்டட நிலைக்குப் போடும் மதிப்பெண் சமமானால் கைகொடுக்க ஆளில்லாத பள்ளி முதலில் வர வேண்டும்.

வார்டு உறுப்பினர்: அப்படியானால் எங்கள் சிபாரிசுக்கு இடமே இல்லையா?

குறையைச் சொல்லுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். மதிப்பெண் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். ஒட்டிய பட்டியலில் ஒரு பள்ளி இடம் தாண்டினால் எல்லோரும் காரணம் கேட்பார்கள்.

பொறியியல் மாணவி ஒருவர்: கண்ணால் பார்த்து ஆய்வு செய்தால் போதுமா?

போதாது. இங்கிலாந்தில் 2023-இல், பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அறைகளை மூடச் சொன்னார்கள். உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் பலகைக் கூரைகள் அவை. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலே விழக்கூடியவை. கட்டிய வருஷம், பயன்படுத்திய பொருள், பழைய வரைபடம் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும்.

இன்னொரு பெற்றோர்: எங்கள் பள்ளிச் சுவர் அழுக்காக இருக்கிறது, பெயின்ட்...

மேலேயே சொல்லிவிட்டேன். விரிசல் இருந்தால் அடிக்கவே வேண்டாம்.

ஆசிரியர் ஒருவர்: இடமாறுதல் கலந்தாய்வு எப்போது?

அது என் துறை அல்ல, கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

பள்ளிப் பணியாளர் ஒருவர்: நிதி வரும்வரை நாங்களே என்ன செய்யலாம்?

மழைக்கு முன் மொட்டை மாடிக்குப் போய் வடிகுழாய் வாயில் கிடக்கும் இலைகளை அள்ளுங்கள். கூரைக் காரை உப்பியிருந்தால் கீழே யாரையும் உட்கார வைக்காதீர்கள், அன்றே எழுதிக் கொடுங்கள்.