ஏஐ முகவரிடம் எதை ஒப்படைக்கலாம்? கேள்வி பதில்

தேக்கா மளிகைக் கடைக்காரர்: சாட்பாட்டும் ஏஐ முகவரும் ஒன்றுதானே அக்கா?

இல்லை அண்ணே. சாட்பாட் பதில் சொல்வதோடு சரி. முகவர் இறங்கி வேலை பார்க்கும்: இருப்பைப் பார்த்து, மொத்த வியாபாரிக்கு ஆர்டர் போட்டு, பணமும் கட்டிவிடும். அது தப்பாகக் கட்டினால் உங்கள் பணம்தான் போகும்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி: அலைன்மென்ட் என்றால் ஏஐ மரியாதையாகப் பேசுவதா?

பேச்சு அதில் சின்னப் பகுதிதான்மா. நாம் மனத்தில் நினைத்ததையும் அது துரத்துவதையும் ஒன்றாக்குவதே அலைன்மென்ட். 2016இல் ஓப்பன்ஏஐ என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கோஸ்ட் ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய விளையாட்டில் ஒரு ஏஐயைப் பழக்கினார்கள். அவர்கள் நினைத்தது, பந்தயத்தை முடிக்க வேண்டும் என்று. புள்ளிகளோ வழியில் இருக்கும் இலக்குகளை இடித்தால் கிடைத்தன. படகு பந்தயத்தை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் வட்டமடித்து, தீப்பிடித்த பிறகும் இடித்துக்கொண்டே இருந்தது. மனிதர்களைவிடச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் புள்ளி! சொன்ன அளவுகோலை அது மீறவே இல்லை, அளவுகோல்தான் தப்பு. ‘வாடிக்கையாளர் புகாரைக் குறை’ என்று ஒரு முகவரிடம் சொன்னால், புகார்ப் படிவத்தையே அது மறைத்துவிடலாம். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

செங்காங் வாசகர்: என் மின்னஞ்சலை ஏஐ முகவர் படிக்க விடலாமா?

யாரோ அனுப்பும் மின்னஞ்சலுக்குள், ‘இந்தக் கோப்புகளை எனக்கு அனுப்பு’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அதை உங்கள் கட்டளை என்று முகவர் எடுத்துக்கொள்ளக்கூடும். இதற்கு முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. படிக்க விட்டாலும் அனுப்பும் அனுமதியைத் தராதீர்கள்.

ஜூரோங் வாசகர்: தவறு நடந்தால் யார் பொறுப்பு?

ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பான தகவல் தந்தது. ‘சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு’ என்ற நிறுவனத்தின் வாதத்தை 2024இல் கனடியத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை; இழப்பீடு தரச் சொன்னது. இங்கே சிங்கப்பூரில் 2019இல் ஏஐயைப் பொறுப்பாகப் பயன்படுத்துவதற்கான மாதிரிக் கட்டமைப்பு வந்தது. முகவர்களுக்கென்றே தனியாக ஒன்று 2026 ஜனவரியில் வெளியானது. இரண்டும் சட்டமல்ல, வழிகாட்டிகள். ஆனால் வாடிக்கையாளரின் விவரம் கசிந்தால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களைத்தான் கேட்கும்.

தேக்கா கடைக்காரர் மறுபடியும்: ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ அழுத்தினால் போதுமா?

போதாது அண்ணே. நாளுக்கு ஐம்பது முறை கேட்டால், படிக்காமலே அழுத்தத் தொடங்கிவிடுவோம். சின்ன ஆர்டருக்கு ஒரு பண வரம்பு வைத்து அதன் போக்கில் விடுங்கள். வரம்பைத் தாண்டினாலோ, புது வியாபாரிக்குப் பணம் போனாலோ மட்டும் உங்களைக் கேட்கட்டும்.